போர்வையும் பிரேமும்: பேராதனை விடுதிகளை முன்னிறுத்திய ஓர் ஆய்வு

கொழும்பிலிருந்த இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்ததிலிருந்து இங்கு நிகழ்ந்த ஆய்வுகள் கல்வெட்டு, நாட்டார் வழக்காறு, மண் பொறியியல், மாட்டு வைத்தியம் என விரிந்து செல்கின்றன. ஆயினும் இரவு பதினொரு மணிக்குப் பின் விடுதி அறைகளில் அடிபிடி வரை போகும் ஒரே பொருளாகிய பிரேம் வேகம் பற்றி ஒரு சிறுபிரசுரந்தானும் வெளிவந்ததாகத் தெரியவில்லை. அக்குறையை இக்கட்டுரை தன்னால் இயன்றளவு போக்கும்.

பிரேம் வேகமாவது, கணினி விளையாட்டு ஒரு செக்கனில் எத்தனை படங்களை வரைந்து திரைக்கு அனுப்புகிறது என்னும் கணக்கு. திரைப்படத்துக்கு 24 போதும். விளையாட்டுக்காரனுக்கு 60 வேண்டும். 60 கிடைத்தவனுக்கு 144 வேண்டும். கலஹா சந்திக்கும் ஹிந்தகலைக்கும் இடைப்பட்ட விடுதிகளே ஆய்வுக்களம். இணையம் மெதுவாக வருவது இதில் அடங்காது. அந்த முறைப்பாட்டைத் தொலைபேசிக் கம்பனியிடம் கொடுக்கவும்.

முன்னோர் மரபை ஒரு பார்வை பார்த்துவிடுவோம். 1978இல் நிஷிக்காடோ என்ற ஜப்பானியர் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டைச் செய்தார். எதிரிகள் சாகச்சாக, வரையவேண்டிய உருவங்கள் குறைந்து, மிஞ்சியவை தாமாகவே வேகமெடுத்தன. இயந்திரத்தின் இயலாமை விளையாட்டின் சுவையானது. இன்றைய மாணவனின் இயந்திரத்திலும் இயலாமை தாராளமாக உண்டு, சுவையைத்தான் காணோம். இன்னொன்று, பால் (PAL) என்னும் ஒளிபரப்பு முறைத் தொலைக்காட்சிக்கு 50 ஹெர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 தடவை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ‘சோனிக்’ (1991) என்ற நீல முள்ளெலி, பால் நாடுகளில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடிற்று. பால் முறை நம் நாட்டினதும்தான். நம்மவர் அதைத்தான் முழு வேகம் என்று நம்பியிருப்பர். ஒருவருக்கும் நெஞ்சு நோகவில்லை. ஒப்பிட ஆளில்லாத இடத்தில் பிரேம் பிரச்சினையும் இல்லை என்பது எமது முதலாவது துணிபு.

களஆய்வின்போது பதிவான உரையாடல் ஒன்று:

“மச்சான், உனக்கு எத்தினை வருது?”

“அறுபது.”

“அப்ப ஏன்ரா பேயறைஞ்ச மாதிரி இருக்கிறாய்?”

“அறுபது வருது. ஆனா வெட்டி வெட்டி வருது.”

இரண்டாமவரின் வாக்குமூலம் ஆழ்ந்த பொருளுடையது. இவ்வாய்வே அதன் உரைதான் எனலாம். திரையின் மூலையில் தெரியும் எண் ஒரு சராசரி. 60 படங்களையும் ஒரே சீராக அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிசெக்கன். ஆனால் 59 படங்கள் 800 மில்லிசெக்கனுக்குள் விறுவிறுவென்று வந்துவிட்டு, அறுபதாவது மட்டும் 200 மில்லிசெக்கன் சுணங்கினாலும் மூலையிலுள்ள எண் 60 என்றே காட்டும். அந்த 200 மில்லிசெக்கனில், மணிக்கு 180 கிலோமீற்றரில் போகும் கார் பத்து மீற்றர் ஓடி மதிலில் மோதிவிடும். ஓட்டியவன் கண்டது மோதலுக்கு முந்திய படமும் பிந்திய படமும் மட்டுமே. கலஹா சந்தியில் நின்று கண்டி பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்க்கு இது புதிதன்று: அரைமணி நேரம் ஒன்றுமில்லை, பிறகு மூன்று பஸ் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும். சராசரிக்கு ஒரு குறையுமில்லை. ஆகவே விவரமறிந்தோர் சராசரியை விட்டு, மிக மெதுவாக வந்த நூற்றிலொரு பங்குப் பிரேம்களைக் கணக்கெடுப்பர். சீரான 40, குலுங்கும் 60ஐவிட மேல். இதைச் சொன்னதற்காக ஆய்வாளரை இரு அறைகளிலிருந்து வெளியேற்றினர்.

குறைவேகத்துக்குக் காரணம் யாது என்பதில் இரு மதங்கள் உள. கிரபிக்ஸ் கார்ட்டே குற்றவாளி என்பர் ஒரு சாரார். புரொசெசரே என்பர் மறுசாரார். இருவரும் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் காசு கேட்பதில் மட்டும் உடன்படுவர். உண்மையில் இதைத் தீர்க்க ஐந்து நிமிடம் போதும். விளையாட்டின் ரெசொலூஷனை அடிமட்டத்துக்கு இறக்குக. வேகம் துள்ளி எழுந்தால் கார்ட்தான் திணறியது. நிழல்களைக் குறைத்தாலே பாதி நோய் தீரும். அசையாமல் கிடந்தால் புரொசெசர். அதற்கு நிழலைக் குறைத்துப் பெரிய பயனில்லை, விளையாட்டில் வரும் ஊரில் நடமாடும் சனத்தொகையைக் குறைக்கவேண்டும். ரேம் ஒற்றைத் துண்டாய் இருந்தால் அதே அளவில் இரண்டு துண்டாகப் போடுவது பல லப்டொப்புகளில் அதிசயம் செய்யும், சிறப்பாகத் தனிக் கார்ட் இல்லாதவற்றில். பின்னணியில் திறந்து கிடக்கும் முப்பது பிரௌசர் பக்கங்களைப் பற்றி நாகரிகம் கருதி ஒன்றும் சொல்லாது விடுகிறோம்.

இனி இவ்வாய்வின் மூலப் பங்களிப்பு. பேராதனை கடல்மட்டத்திலிருந்து 500 மீற்றருக்குச் சற்றுக் கீழே உள்ளது. கொழும்பைவிட இரண்டு மூன்று பாகை குளிர்ச்சி. லப்டொப்பின் புரொசெசர் 100 பாகையை அண்மித்தால் உயிருக்குப் பயந்து தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எனவே ஒரே லப்டொப் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தருவதைவிடப் பேராதனையில் கூடுதலான பிரேம்களைத் தரவேண்டும். கோட்பாடு பிழையற்றது. களத்தில் கண்டதோ நேர்மாறு.

காரணம் போர்வை. மார்கழி, தை மாதங்களில் ஹந்தானையிலிருந்து இறங்கும் குளிருக்கு மாணவன் கட்டிலில் ஏறிக் கழுத்துவரை போர்த்து, லப்டொப்பை மடியில், போர்வைக்கு மேலேயே வைக்கிறான். அடிப்பாகத்துக் காற்றுத் துளைகள் கம்பளியில் புதைகின்றன. விசிறி இரைகிறது. வெப்பம் தொடைக்கு இறங்குகிறது. அது அவனுக்கு இதமாயிருக்கிறது. பிரேம் 60இலிருந்து 25க்கு விழுகிறது. அவன் விளையாட்டைச் செய்த கம்பனியைத் திட்டுகிறான். குளிர் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு இயந்திரம் சூடாகும் இந்நிகழ்வை ‘பேராதனை முரண்’ என்று பெயரிட முன்மொழிகிறோம். இதற்கு மருந்து நான்கு சோடா மூடிகள். மேசையில் வைத்து ஒவ்வொரு மூலைக்கும் ஒன்று கொடுத்தால் அடியால் காற்றோடும். தூசியைப் பெயின்ற் தூரிகையால் தட்டும்போது விசிறி சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்க. உள்ளே காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றுவது தெரிந்தவன் வேலை. பரீட்சைக்கு முதல்நாள் தொடங்கும் வேலையன்று.

மின்சாரத்தையும் கவனித்தாக வேண்டும். பற்றரியில் ஓடும்போது லப்டொப் தன் வலுவைச் சுருக்கிக்கொள்ளும். பிரேம் பாதியாவது சாதாரணம். 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணிநேரம் கறண்ட் நின்றபோது ஒரு தலைமுறையே இந்த உண்மையைக் கைகண்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுதும் இருண்டதற்குப் பாணந்துறை உபமின்நிலையத்தில் நுழைந்த குரங்கொன்றே காரணமென வலுசக்தி அமைச்சர் அறிவித்தார். பிற்பாடு மின்சார சபை சூரியசக்தியின் பங்கு மிகுந்து மின்தொகுதி உறுதி குன்றியிருந்ததையும் சொன்னது. எமது வளாகத்தில் குரங்குகள் வகுப்புக்கு மாணவரைவிட ஒழுங்காக வருவன. கிரபிக்ஸ் கார்ட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அண்மையில் தத்துவச் சிக்கலொன்றும் எழுந்துள்ளது. 2022இல் என்விடியா கம்பனி, விளையாட்டு வரைந்த இரு படங்களுக்கிடையே செயற்கை அறிவு ஊகித்த படமொன்றைச் செருகும் வித்தையைக் கொண்டுவந்தது. 2025இல் ஒன்றுக்கு மூன்றுவரை செருகலாயிற்று. எண் நான்கு மடங்காகிறது. பொத்தானை அழுத்தியபின் கை உணரும் சுணக்கமோ குறைவதில்லை, சற்றுக் கூடவும் செய்யும். இடையில் வந்த பிரேம் உள்பொருளா, மாயையா? வளாகத்துக் குறிஞ்சிக்குமரன் கோயில் படியில் இதுபற்றி நிகழ்ந்த வாதத்தில், ஒரு சைவசித்தாந்தி சற்காரியவாதத்தை முன்வைத்து, மூலப்படத்தில் ஏற்கெனவே இல்லாத பிரேம் தோன்றாது என்றார். பொறியியல் பீடத்து ஏகான்மவாதியொருவர் எல்லாப் பிரேமும் பொய்யே, 40 வந்தாலென்ன 160 வந்தாலென்ன என்றார். பிறகுதான் தெரிந்தது, அவரது லப்டொப்பில் அந்த வித்தை ஓடாது.

இறுதியாக ஒரு பரிசோதனை. ஹற்றனிலிருந்து வந்த மாணவரொருவரிடம், மூலையில் தெரியும் எண்ணை ஒரு கிழமைக்கு மறைத்துவிட்டு விளையாடுமாறு கேட்டுக்கொண்டோம். இரண்டாம் நாளே கேம் நன்றாக ஓடுவதாகச் சொன்னார். எவ்வளவு நன்றாக என்று பார்ப்பதற்காக அன்றிரவே எண்ணைத் திறந்தும்விட்டார்.