உயிரோடுதான் இருக்கிறோம், ஐயா!

அனுப்புநர்: கேலரியில் நீலச் சட்டையோடு உட்கார்ந்திருப்பவன், நேரு ஸ்டேடியம், பெரியமேடு, சென்னை.

பெறுநர்: இந்தியன் சூப்பர் லீக் நிர்வாகத்தார் அவர்கள் (கோட்டு சூட்டு போட்ட டிவி வல்லுநர்கள் வழியாக).

பொருள்: சென்னையின் எஃப்.சி. – பிளேஆஃப் வாய்ப்பு – சீசன் பாதியிலேயே இறப்புப் பதிவு செய்வதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் புள்ளிப் பட்டியல், கீழிருந்து மேலாக.

ஐயா,

பென்ஷன் வாங்குகிறவர் வருஷத்துக்கு ஒரு தடவை கருவூலத்துக்குப் போய், தான் இன்னும் சாகவில்லை என்று காட்டிவிட்டு வந்தால் போதும். எங்கள் அணிக்கு அந்த நேர்காணல் வாராவாரம் நடக்கிறது. பட்டியலில் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டால் ஸ்டுடியோவில் மாலை தயார். ஒருவர் பாவம் என்கிறார். இன்னொருவர், அடுத்த சீசனுக்கு இப்போதே ஆள் எடுக்கலாம் என்று யோசனை சொல்கிறார்.

தாங்கள் பழைய கோப்பைப் புரட்டிப் பார்க்க வேண்டும். 2015. எட்டு அணிகள், ஆளுக்கு 14 மேட்ச். பத்து முடிந்தபோது நாங்கள் கடைசி. மீதி நாலையும் ஜெயித்து 22 புள்ளியோடு மூன்றாம் இடத்தில் வந்து நின்றோம். அதற்குள் டிசம்பர் வெள்ளம் வந்து ஊரே மிதந்ததால், அரையிறுதியின் சொந்த ஊர் ஆட்டத்தைப் புனேவில் போய் ஆடினோம். நடப்பு சாம்பியன் கொல்கத்தாவை அங்கே 3-0 என்று முடித்தோம். ஃபைனல் கோவாவில், கோவாவோடு. 87ஆவது நிமிடம் கோவா வீரர் ஜோஃப்ரேயின் ஃப்ரீ கிக் உள்ளே போக, அவர்களுக்கு 2-1. ஸ்டேடியமே எழுந்து ஆடியது. 90இல் கோவா கோல்கீப்பர் கட்டிமணியே சேம்சைடு கோல் போட்டார். இஞ்சுரி டைமில் எங்கள் மெண்டோசா இன்னொன்று. கோப்பை சென்னைக்கு. அந்த சீசனில் அதிக கோல் அடித்தவரும் அதே மெண்டோசாதான், 13. பத்தாவது மேட்ச்சோடு எங்களுக்குப் பால் ஊற்றிய பெரியவர்கள் யாராவது எடுத்துக் குடித்தார்களா என்று தெரியவில்லை.

அது குருட்டு அதிர்ஷ்டம் என்பீர்கள். சரி, 2019-20க்கு வருவோம். முதல் நாலு மேட்ச்சில் ஒரு கோல்கூட இல்லை. பாதியில் கோச் மாறி ஓவன் கோய்ல் வந்தார். 29 புள்ளி, நான்காம் இடம். அரையிறுதியில் எதிரே 39 புள்ளி எடுத்து, லீக் ஷீல்டையும் வாங்கி வைத்திருந்த கோவா. சென்னையில் 4-1, அங்கே 2-4, மொத்தம் 6-5. கொரோனா பயத்தில் ஆளில்லாத ஸ்டேடியத்தில் நடந்த ஃபைனலில் தோற்றோம், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் செத்ததாகச் சொல்லப்பட்டவன் ஃபைனல் வரை நடந்தே போனானே, அதற்கு என்ன விளக்கம்?

பிளேஆஃப் என்ற ஏற்பாட்டைச் செய்தது தாங்கள். முதலிடம் பிடித்தவனுக்கே கோப்பை என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். அப்படிச் செய்தால் பிப்ரவரிக்கு மேல் யாரும் டிக்கெட் வாங்க மாட்டார்கள் என்று தங்களுக்குத் தெரியும். அதனால் முதலில் நாலு பேருக்குக் கதவைத் திறந்தீர்கள், பிறகு ஆறு பேருக்கு. 2023-24இல் நாங்கள் 27 புள்ளியோடு ஆறாவதாக நுழைந்தபோது, இவன் எப்படி உள்ளே வந்தான் என்று தங்கள் ஆட்களே மூக்கைச் சுளிப்பது என்ன நியாயம்? கடைசி ஆள் வரக்கூடாது என்றால் ஆறாவது நாற்காலியை ஏன் போட்டீர்கள்?

எதிர்த்தரப்பு சாட்சியையும் மறைக்கவில்லை. 2018இல் பெங்களூரு ஊருக்குள்ளேயே போய் 3-2 என்று கோப்பையைத் தூக்கியவர்கள், அடுத்த சீசன் முழுக்க ஆடி ஒன்பதே புள்ளி எடுத்துக் கடைசியில் கிடந்தோம். எங்களை நம்பிப் பந்தயம் கட்டச் சொல்லவில்லை. ஆனால் மேலே போகும்போதும் கீழே விழும்போதும் உங்கள் கணிப்பைத் தவறாமல் பொய்யாக்கும் அணியை, கணித்துவிட்டதாக மட்டும் சொல்லாதீர்கள்.

எங்கள் கேலரிக்கு ஒரு நாள் வந்து பாருங்கள். அணி ரெண்டு கோல் பின்னால் இருக்கும். பக்கத்து சீட் தம்பி மைதானத்தைப் பார்க்கவே மாட்டான். டிக்கெட்டின் பின்பக்கம் பேனாவால் கணக்குப் போடுவான்: "அண்ணே, நார்த் ஈஸ்ட் தோக்கணும், பஞ்சாப் டிரா பண்ணணும், நாம மூணும் ஜெயிச்சா உள்ள போயிடலாம்ணே." மூன்று வரிசைக்கு முன்னால் இருப்பவர் திரும்பி, கோல் வித்தியாசத்தை விட்டுவிட்டாய் என்று திருத்துவார். கிரிக்கெட்டில் வருஷா வருஷம் இதே கணக்கைப் போட்டுப் பழகிய ஊர் இது. அணியின் முதலாளிகளில் ஒருவர் பெயர் தோனி. ஆட்டத்தைக் கடைசிவரை இழுப்பவர்களை எங்களுக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டாம்.

ஆகவே, அடுத்து எந்த சீசனில் பிளேஆஃப் நடந்தாலும், கணக்கு முழுசாக மூடும்வரை சென்னையின் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு போடக் கூடாது என்று ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறிப் போட்ட வல்லுநர், அடுத்த ஹோம் மேட்ச்சுக்குச் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து எங்கள் கேலரியில் உட்கார வேண்டும்.

இப்படிக்கு,
நீலச் சட்டைக்காரன்

இணைப்பு: கணக்குப் போட்ட டிக்கெட், ஒன்று.

நகல்: எஃப்.சி. கோவா, தகவலுக்காக. 2024 நாக்அவுட்டில் எங்களை 2-1 என்று அனுப்பிவைத்துப் பழைய பாக்கியில் ஒரு பகுதியை வசூலித்துவிட்டதால், அவர்களுக்கு ஆட்சேபம் இருக்காது.