பரண் வாசம்

பொங்கலுக்கு வீடு பூசி முடித்தால் ஒரு டப்பா பெயின்ட் மிஞ்சியே தீரும். பெயின்டர் மூடியை நாலு தட்டு தட்டி, "வச்சுக்குங்க சார், டச்சப்புக்கு ஆகும்" என்பார். டப்பா பரணேறும். அப்புறம் அதைப் பார்ப்பவர், மகள் கல்யாணத்துக்கு அண்டா எடுக்க ஏறுபவர்தான்.

அதற்குள் எனாமல் ஆடை கட்டியிருக்கும். ஆக்சிஜன் பட்டால் இறுகுவது அதன் பிறவிக் குணம்; சுவரில் செய்ய வேண்டிய வேலையை டப்பாவுக்குள்ளேயே முடித்துவிடும். தண்ணீரில் கரையும் எமல்ஷனோ பாக்டீரியாவுக்கு விருந்து வைத்து, திறந்ததும் மூக்கைப் பொத்த வைக்கும்.

இத்தனைக்கும், கெடாமல் வைக்கப் பெரிய வித்தை எதுவுமில்லை. மூடி உட்காரும் பள்ளத்தில் வழிந்ததைத் துடைக்க வேண்டும். அங்கே பெயின்ட் காய்ந்தால் மூடி பொருந்தாது, காற்று புகும். நாலு லிட்டர் டப்பாவில் அரை லிட்டர்தான் மிச்சமென்றால், காற்றே முக்கால்வாசிக்கு மேல். சின்ன டப்பாவுக்கு மாற்றுவது உத்தமம். கட்டி தட்டினால் பழைய வேட்டித் துணியில் வடிகட்டலாம். மொட்டை மாடிச் சூடு இறங்கும் பரணைவிட மாடிப்படிக்கு அடியில் வைப்பது தேவலை.

டப்பாமேல் ஷேடு நம்பரும் தேதியும் எழுதலாம். எழுதியிருப்பது என்னவோ பெயின்டரின் செல் நம்பர். அதிலும் கடைசி இரண்டு இலக்கத்தின்மேல் பெயின்ட் வழிந்திருக்கும்.