ஆணிக்குப் பிறந்த தோட்டா

ரேபிட் சிட்டி, தெற்கு டகோட்டா
பிப்ரவரி 2013

அன்புள்ள மாமாவுக்கு,

குளிர் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். பால் பாக்கெட்டைக் கொல்லைப்புறப் படியில் வைத்தால் போதும், ஃப்ரிட்ஜுக்குக் கரண்ட் மிச்சம்.

பனி தள்ளும் மெஷினைக் கடன் கொடுப்பாரே பக்கத்து வீட்டுப் பெரியவர், அவருக்குக் கொஞ்ச நாளாகக் கால் தரையில் பாவவில்லை. பேத்திக்குக் கல்யாணமோ என்று விசாரித்தேன். இல்லையாம், புதுசாக ஒரு தோட்டா வரப்போகிறதாம். துப்பாக்கி இல்லை மாமா, தோட்டா! போன மாதம் லாஸ் வேகாஸில் ஷாட் ஷோ என்று துப்பாக்கிக் கம்பெனிகளின் பொருட்காட்சி நடந்தது. அங்கே காட்டினார்களாம். பெயர் 17 வின்செஸ்டர் சூப்பர் மேக்னம். ஆளைவிடப் பெயர் நீளம்.

நீங்கள் பிரெஞ்சுப் பட்டாளத்தில் தூக்கிய மாஸ் 36-க்குக் குண்டு 7.5 மில்லிமீட்டர், எடை 9 கிராம். இதற்கு நாலரை மில்லிமீட்டர்கூட இல்லை. மாசிமகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் பலூன் சுட ஏர்கன் வைத்திருப்பார்களே, அந்த ஈயக்குண்டே 4.5. எடை 1.3 கிராம், அவ்வளவுதான். ஆனால் குழாயை விட்டுக் கிளம்பும்போது நொடிக்கு 900 மீட்டருக்கு மேல். வேகம் குறையாமல் போனால், காந்தி சிலையடியில் கிளம்பியது நீங்கள் ஒரு தும்மல் போடுவதற்குள் டூப்ளே சிலையைத் தாண்டியிருக்கும்.

யாரைச் சுட இத்தனை வேகம்? ப்ரேரி டாக் என்ற ஒரு பிராணியை. பெயரில்தான் நாய், ஜாதியில் அணில். நம்ம ஊர்ப் பெருச்சாளி பருமன், ஒரு கிலோ தேறும். புல்வெளி முழுக்க வளை தோண்டிக் குடும்பம் குடும்பமாக இருக்கும். வளை வாயில் ஒன்று நிமிர்ந்து நின்று, முன்னங்காலை மடக்கிக்கொண்டு காவல் காக்கும். ஆள் தலை தெரிந்தால் கீச் கீச்சென்று கத்தும், மறுநிமிஷம் மைதானம் காலி. மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு இது ஜென்ம விரோதி. புல்லைத் தின்கிறது, வளையில் மாடு கால் விடுகிறது என்று ஒரே புலம்பல்.

சர்க்கார் கதை தனி. கருங்கால் ஃபெர்ரட் என்று கீரி மாதிரி ஒன்று உண்டு, அது சாப்பிடுவதே அநேகமாக இந்த ப்ரேரி டாக்கைத்தான். பூண்டோடு போய்விட்டது என்று எல்லாரும் தலைமுழுகியிருந்தபோது, 1981-இல் வயோமிங்கில் மீடீட்ஸி என்ற ஊரில் ஒரு பண்ணை நாய் அதில் ஒன்றைக் கடித்துக்கொண்டுவந்து வாசலில் போட்டது. கடைசியில் மிஞ்சிய 18-ஐப் பிடித்து வளர்த்துப் பெருக்கி, 1996-இல் எங்கள் ஊருக்குக் கிழக்கே கோனாட்டா பேசின் புல்வெளியில் விட ஆரம்பித்தார்கள். அதற்குத் தீனி வேண்டுமே! ஆக, வேலிக்கு அந்தப்பக்கம் ப்ரேரி டாக் பிழைக்கச் சர்க்கார் செலவு செய்கிறது, இந்தப்பக்கம் எங்கள் பெரியவர் தோட்டாவுக்குத் தவம் கிடக்கிறார்.

2002-இல் வந்த 17 ஹெச்எம்ஆர் என்ற தோட்டா அவரிடம் இருக்கத்தான் இருக்கிறது. அதே பருமன் குண்டு, வேகம்தான் குறைவு. இந்த ஊர்க் காற்று உங்கள் வேட்டியையே உருவிக்கொண்டு போகும், இத்தனூண்டு குண்டு எந்த மூலை? நூறு மீட்டர் தாண்டினால் பக்கவாட்டில் ஒதுங்கிவிடுகிறதாம். புதுசு இருநூறுக்கும் நிற்கும் என்பது அவர் கணக்கு. நுனியில் பிளாஸ்டிக் மூக்கு வைத்திருப்பதால் பட்ட இடத்திலேயே சிதறிவிடும், தெறித்துப்போய்ப் பக்கத்து மாட்டைக் குத்தாது என்றும் சொன்னார். மாட்டை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதில் எனக்குப் பிடித்தது புதுத் தோட்டாவின் பூர்வீகம். கான்கிரீட்டில் ஆணி இறக்க, கட்டட வேலைக்காரர்கள் வெடிமருந்தில் ஓடும் ஒரு ஆணித் துப்பாக்கி வைத்திருப்பார்கள். அதில் போடும் வெற்றுத் தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, கழுத்தை நெரித்து, வாயில் இந்தக் குண்டைச் செருகியதுதான் சூப்பர் மேக்னம். கொத்தனார் வீட்டுப் பிள்ளை கலெக்டர் ஆனால் எப்படிக் கொண்டாடுவோம்! இங்கே அந்தப் பூர்வீகத்தைக் கொஞ்சம் தணிந்த குரலில்தான் சொல்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கடையில் தோட்டாவும் இல்லை, அதைப் போட்டுச் சுடத் துப்பாக்கியும் இல்லை. சாவேஜ் கம்பெனி பி-மேக் என்று ஒன்றைச் சுமார் 350 டாலர் விலையில் அறிவித்ததோடு சரி. பழைய தோட்டாவுக்கே பஞ்சம். டிசம்பரில் கனெக்டிகட் பள்ளிக்கூடத்தில் 20 குழந்தைகள் சுடப்பட்டுச் செத்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். சட்டம் வந்துவிடும் என்ற பயத்தில் ஜனங்கள் வாங்கிக் குவிக்க, அலமாரியில் விலைச்சீட்டு மட்டும் தொங்குகிறது. அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் நான் அவரிடம் வாய் திறப்பதில்லை.

அவர் சனிக்கிழமை தவறாமல் கடைக்குப் போய் வெறும் அலமாரியைப் பார்த்துவிட்டு வருகிறார். போன வாரம் நானும் கூடப் போனேன். ‘உங்கள் ஊரில் எலிக்கு என்ன தோட்டா?’ என்று கேட்டார். பாகூர் வயலில் பார்த்த கிட்டியைச் சொன்னேன்: வளைத்த மூங்கில், இழுத்துக் கட்டிய நாண், உள்ளே கொஞ்சம் பொரி. எலி மூக்கை நுழைத்தால் நாண் விட்டுக் கழுத்தில் இறங்கும். காரை ஓரங்கட்டி நோட்டை எடுத்துவிட்டார் மனுஷன். நாண் எத்தனை பவுண்டு இழுக்கும்? மூங்கில் எந்த ரகம்? அப்புறம், மிகவும் பவ்வியமாக, ‘ரேஞ்ச் எவ்வளவு?’

சாண் அளவு என்று கையை விரித்துக் காட்டினேன். காற்றடித்தால் திசை மாறுமா என்று கேட்டார். மாறவே மாறாது என்றேன். வீடு வந்து சேரும்வரை பேச்சே இல்லை.

இப்போது தினமும் வேலியோரம் வந்து கிட்டி எப்போது வரும் என்கிறார். ஏப்ரலில் தம்பி வரும்போது கொடுத்தனுப்ப, பாகூரில் ஒன்று சொல்லிவையுங்கள். நாண் பூட்டாமல் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள். ஏர்போர்ட்டில் கேட்டால் மூங்கில் சாமான் என்று சொல்லட்டும், எலி பேச்சே வேண்டாம். பொரி இங்கேயே கிடைக்கிறது.

இப்படிக்கு
தங்கள் மருமகன்