பையனுக்குச் சாவி, பெண்ணுக்குப் பூட்டு

"எங்க பிள்ளைங்களை முழு சுதந்திரம் குடுத்துத்தான் வளர்க்கிறோம்." கல்யாணப் பந்தியில் இந்த வசனத்தைக் கேட்காமல் பாயசம் வரைக்கும் போய்ச் சேர முடியாது. வாழ்க. எந்தச் சுதந்திரம், யாருக்கு, எத்தனை மணி வரைக்கும் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

ஒன்பதாம் வகுப்புப் பையன் டியூஷனுக்கு அப்பாவின் பைக்கில் பறக்கிறான். ஹெல்மெட் கிடையாது, பின்னால் இரண்டு கூட்டாளிகள். "காலே எட்டல, என்னமா கட் அடிக்கிறான் பாருங்க!" என்று தாத்தா வாசலில் நின்று பூரிக்கிறார். சிறுவனிடம் வண்டி கொடுத்த பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்றாண்டு வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். பாவம், நம் வட்டச் செயலாளரின் போன் நம்பரை அறியாதவர்கள்.

அந்தச் சூரனுக்குப் பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் என்று தானாக முடிவெடுக்க அனுமதியில்லை. அதற்கு அப்பா, தாய்மாமன், அப்பாவின் ஆபீஸ் சூப்பிரண்டு மூவரும் கூடுவார்கள். லாரிக்கடியில் போகலாம், வரலாறு குரூப்பில் மட்டும் போய் விழுந்துவிடக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த பிறகும் தின்ற தட்டைக் கழுவத் தெரியாது. அது அம்மா கொடுத்த சுதந்திரம்.

அக்காவுக்கு 21 வயது. ஹாஸ்டல் கேட்டை ஆறரைக்கே பூட்டிவிடுவார்கள். ஏழு மணிக்கு லைப்ரரியில் இருந்தால் வார்டன் அப்பாவுக்குப் போன் போடுவார், அப்பா லைவ் லொகேஷன் கேட்பார். "உன்மேல நம்பிக்கை இருக்கும்மா, வெளிய இருக்கிறவனுங்க மேலதான் இல்ல." வெளியே இருக்கிறவன் யார்? வேறு ஏதோ வீட்டில் இதே மாதிரி சாவி கொடுத்து அவிழ்த்துவிடப்பட்ட தம்பிதான்.

இதையெல்லாம் பாசம் என்றே வைத்துக்கொள்ளலாம், அவள் ஒருவனைக் கைகாட்டும் வரைக்கும். 18 வயதில் அவள் ஓட்டுப் போட்டபோது யாரும் பதறவில்லை. சின்னத்தை அப்பாதானே சொன்னார். மாப்பிள்ளையை அவளே சொன்னால்தான் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி, இன்னொருவர் கையில் பூச்சிமருந்து, ஊரிலிருந்து இரண்டு கார் சொந்தக்காரர்கள். அவன் வேலை என்ன, குணம் என்ன என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. முதல் கேள்வியே "என்ன ஆளுங்க?"

அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்பதற்குக் கற்பனை தேவையில்லை. 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், தலித் பொறியியல் மாணவர் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். செய்த குற்றம், வேறு சாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டது. மனைவி கௌசல்யாவையும் வெட்டினார்கள், அவர் உயிர் தப்பினார். இப்படி ஒவ்வொரு ரத்தத்துக்கும் பிறகு "பெத்தவங்க மனசு என்ன பாடுபட்டிருக்கும்?" என்று அரிவாளுக்கு ஆறுதல் சொல்ல நான்கு பெரிய மனிதர்கள் கிளம்பிவிடுகிறார்கள். தூ!

வயது வந்த இருவர் மணந்துகொள்ளக் குடும்பமோ சாதியோ சம்மதிக்க வேண்டியதில்லை என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பதினெட்டுக்கு மேல் சுதந்திரம் என்பது அப்பன் மனசு வைத்து மகளுக்குச் செய்யும் சீர்வரிசை அல்ல. அவளுக்கு வழியை விடுங்கள். பைக் சாவியை மட்டும் அந்தப் பொடியனிடமிருந்து இன்றைக்கே பிடுங்குங்கள்.