சிவந்த கண்ணும் சில நிபுணர்களும்

தலைவலி வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடலாம். சிவந்த கண்ணை எங்கே ஒளிப்பது? கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினால், “மெட்ராஸ் ஐ போல” என்று பக்கத்து சீட் காலியாகிறது. பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் இன்னும் ஏராளம். கண்ணைக் கசக்கிய கை, அது தொட்ட துண்டு, தலையணை உறை, இவை வழியாகத்தான் அது பரவுகிறது. முறைத்துப் பார்த்தே பரப்ப முடியுமென்றால் எங்கள் மேனேஜர் பார்வையில் ஆபீஸே லீவில் போயிருக்கும்.

எனக்கு வந்தது மெட்ராஸ் ஐ இல்லை. வலது கண்ணில் உறுத்தல். அம்மாவைப் பொறுத்தவரை உலகில் ஒரே நோய்தான்: உடம்புச் சூடு. உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்தார். அதோடு விட்டிருக்கலாம், மிச்சத்தைக் கண்ணிலேயே விட வந்தார். அதற்குள் அத்தை நாமக்கட்டியை உரைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“இது கண்கட்டி இல்லை, அத்தை.”

“போட்டு வச்சா வராம இருக்கும்ல?”

உள்ளங்கையில் விரலைத் தேய்த்துச் சூடாக்கி இமையில் ஒற்றுவதும் அத்தையின் வைத்தியம்தான். கண்கட்டிக்கு வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கும்படி டாக்டர்களும் சொல்வதால், அந்த ஒரு கேஸில் அத்தைக்கு ஜெயம். எதிர்வீட்டு மாமி தாய்ப்பால் விடச் சொன்னார். இந்த வயதில் யார் வீட்டு வாசலில் போய் நின்று கேட்பது?

மெடிக்கல் ஷாப் தம்பி சீட்டே கேட்கவில்லை. “இந்தச் சொட்டு விடுங்கண்ணே, காலைல கண்ணு பளிச்சுனு இருக்கும்.” இருக்கும்தான். ஸ்டீராய்டு கலந்த சொட்டு சிவப்பை அடக்கிவிடும். ஆனால் நெல் உமியோ இலையோ கீறி, கருவிழியில் பூஞ்சைப் புண் வந்திருந்தால், வெளியே வெளுக்க வெளுக்க உள்ளே புண் வளரும்.

கண் டாக்டர், தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்லிவிட்டு வரிசையாகக் கேட்டார். பார்வை மங்குதா? வெளிச்சம் ரொம்பக் கூசுதா? வாந்தி? பல்பைச் சுத்தி வானவில் மாதிரி வளையம்? எல்லாவற்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னேன். எந்தப் பரீட்சையிலும் இப்படி நடந்ததில்லை.

“ஒண்ணுக்கு ஆமான்னு சொல்லியிருந்தாலும், நடுராத்திரியானாலும் வந்திருக்கணும்” என்றார். கடும் வலியோடு வளையமும் வாந்தியும் சேர்ந்தால் கண்ணழுத்தம் திடீரென ஏறியிருக்கலாம். பித்தம் என்று எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டுப் படுத்தால், சீக்கிரத்திலேயே பார்வை நிரந்தரமாகப் போகக்கூடும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கு வலி வந்தால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே காட்ட வேண்டுமாம். சுண்ணாம்பு தெறித்தால் மட்டும் முதலில் குழாயடி. கால் மணி நேரமாவது கழுவிய பிறகுதான் ஆட்டோ.

மஞ்சள் மருந்து தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். கருவிழியில் பச்சையாகக் கீறல்கள். மேல் இமையைப் புரட்டினால், உள்ளே ஓர் இரும்புத் துகள்! கிரில் பட்டறையைக் கடந்து வண்டியில் போனபோது ஏறியிருக்க வேண்டும். சிமிட்டும்போதெல்லாம் கோடு போட்டிருக்கிறது. மரக்க மருந்து விட்டு, பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டார்.

சொட்டு மருந்து கண்ணில் விட்டால் தொண்டையில் கசக்கிறது. கண்ணீர் போகும் வழி அங்கேதான் இறங்குகிறதாம். விட்டதும் கண்ணை மூடி மூக்கோரம் விரலால் அழுத்திக்கொள்ளச் சொன்னார். திண்ணையில் அப்படி உட்கார்ந்திருந்தபோது எதிர்வீட்டு மாமி பார்த்துவிட்டு, அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டார்: “பையனுக்கும் மருமகளுக்கும் ஏதாவது சண்டையா?”