கிழக்கே பார்க்காத கூத்தாடி

கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான் என்பார்கள். ஒருவனுக்கு விடிந்தால்தான் விடுதலை. மற்றவனுக்குப் பொழுது சாய்ந்தால். இந்தப் பழமொழியின் முதல் பாதியைச் செல்லாக்காசாக்கியவர் பம்மல் சம்பந்த முதலியார். விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். பாட்டைக் குறைத்து வசனத்தைக் கூட்டினார். கலைப் புரட்சி என்று பாடப் புத்தகம் சொல்லும். எனக்கென்னவோ, மறுநாள் காலை கோர்ட்டுக்குப் போகிற வக்கீல் வேறென்ன செய்வார் என்றுதான் தோன்றுகிறது.

முதலியாருக்கு நாம் கொடுத்த பட்டம் 'தமிழ் நாடகத் தந்தை'. அதே காலத்துச் சங்கரதாஸ் சுவாமிகளுக்குக் கொடுத்தது 'நாடகத் தலைமை ஆசிரியர்'. அப்பாவும் ஹெட்மாஸ்டரும் கிடைத்துவிட்டார்கள். படிக்க வேண்டிய பிள்ளைதான் அப்புறம் சினிமாக் கொட்டகைக்கு ஓடிவிட்டது.

இந்தத் தந்தைக்குச் சின்ன வயதில் தமிழ் நாடகம் என்றாலே ஆகாது. 1873-ல் பிறந்தவர், பதினெட்டு வயதுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். மனசை மாற்றியது பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த கிருஷ்ணமாச்சார்லுவின் நாடகக் குழு. நடந்தது தெலுங்கு நாடகம். படித்த பெரிய மனிதர்கள் அரிதாரம் பூசி நிற்பதைப் பார்த்ததும் பையனுக்குப் பொறி தட்டியது: ஓஹோ, கௌரவத்தை வீட்டில் கழற்றி வைக்காமலும் கூத்தாடலாம் போலிருக்கிறதே! 1891 ஜூலை 1 அன்று நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். ஆகத் தமிழ் நாடகத்துக்குத் தகப்பன் கிடைத்தது தெலுங்கு புண்ணியத்தில். இதை மேடையில் பேசினால் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள், அதனால் எழுதுகிறேன்.

சபையில் வக்கீல்கள் கூட்டம் அதிகம். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் அதில் வேஷம் கட்டியவர்தான். பிறகு வெள்ளைக்காரனைச் சட்டசபையில் வசனத்தால் மடக்கினார் என்றால், ஒத்திகை எங்கே நடந்தது என்று கேட்கத் தேவையில்லை. பெண்களைச் சபை மேடையேற்றாத காலம். முதலியாருக்கு நாயகியாக வந்தவர் ரங்கவடிவேலு, அவரும் ஆண்தான். ஆண்டுக்கணக்கில் மேடைத் தம்பதியாக வாழ்ந்தார்கள். ரங்கவடிவேலு இறந்ததைப் பற்றி 'நாடக மேடை நினைவுகள்' நூலில் முதலியார் எழுதும் இடத்தில் என் கேலி வாயை மூடிக்கொள்கிறது. நிஜமாகவே துணையை இழந்தவரின் எழுத்து அது.

ஷேக்ஸ்பியரையும் அவர் விடவில்லை. ஹாம்லெட்டுக்கு 'அமலாதித்யன்' என்று பெயர் சூட்டினார். வெனிஸ் வணிகன் 'வாணீபுரத்து வணிகன்' ஆனான். இப்படி எழுதிக் குவித்தவை தொண்ணூறு நாடகங்களுக்கு மேல். நடுவில் 1924 முதல் 1928 வரை ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதி வேலை வேறு. கைமாற்று, வாடகை பாக்கி என்று வந்து நின்ற கட்சிக்காரர்கள் பாவம். எதிரே உட்கார்ந்திருப்பவர் ராஜாவாகவும் கள்வனாகவும் நடித்துத் தழும்பேறியவர். அவரிடமா பொய்யழுகை எடுபடும்? கோர்ட்டை விட்ட பிறகும் சும்மா இருந்தாரா? ஊர் ஊராகச் சிவாலயங்களுக்குக் கணக்கெடுத்துப் புத்தகம் போட்டார். ஓய்வு என்ற வேஷம் மட்டும் அவருக்குக் கடைசிவரை பொருந்தவில்லை.

அவருடைய 'சபாபதி' நாடகத்தில் மக்கு எஜமான், அவனுக்கு வாய்த்த அதைவிட மக்கான வேலைக்காரன். 1941-ல் ஏ.வி. மெய்யப்பன் அதைப் படமாக்கினார், இன்றைக்கும் டி.வி.யில் போட்டால் ரிமோட்டைத் தொட மனம் வராது.

இத்தனையிலும் ஓர் உறுத்தல்: வக்கீல்கள் மேடையேறியபோது ஊர் 'கலைச்சேவை' என்றது. அதே அரிதாரத்தைச் சோற்றுக்காகப் பூசிய, பாய்ஸ் கம்பெனி என்ற சிறுவர் நாடகக் குழுக்களின் பையன்களுக்குக் கிடைத்த பெயர் 'கூத்தாடி'. முகத்தில் பூசியது ஒரே பவுடர்தான். கழற்றிய பிறகு மாட்டிக்கொள்ளக் கறுப்புக் கோட்டு இருந்ததா இல்லையா என்பதில்தான் மரியாதை.

இந்தக் கணக்கைக் காலம் வேடிக்கையாகத் தீர்த்தது. முதலியார் எழுதிய 'மனோகரா' 1954-ல் படமானது. சங்கிலியோடு கர்ஜித்து அவருடைய இளவரசனைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனவர் சிவாஜி, பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த பையன். வசனம் எழுதியவர் மு. கருணாநிதி; அவருக்கும் கல்லூரிப் பட்டம் கிடையாது, கோட்டும் கிடையாது. மனோகரா என்றதும் ஊருக்கு ஞாபகம் வருவது இந்த இருவரைத்தான். முதலியாருக்கு அப்போது எண்பத்தொரு வயது. ஐந்து வருஷம் கழித்துப் பத்மபூஷண் வந்தது. 1964-ல் காலமானார்.

சுகுண விலாச சபை இன்றும் அண்ணா சாலையில் கிளப்பாக இருக்கிறது. முதலியார் பாடுபட்டுத் தேடிய கௌரவத்துக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. கூத்தாடியைத்தான் காணோம்.