கலங்காத கடன்காரர்

வெள்ளைக்காரனைச் சமாளிக்க நம் ராஜாக்கள் ஆளுக்கொரு வழி பார்த்தார்கள். ஹைதர் அலி குதிரைப்படையை அனுப்பினார். திப்பு ராக்கெட் விட்டார். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவோ வெள்ளைக்காரனிடமே கடன் வாங்கினார். சாகிற வரைக்கும் வாங்கினார்.

சிரிக்காதீர்கள். ஹைதர் 1782இல் போர் முகாமில் செத்தார். திப்பு 1799இல் கோட்டைக்குள் சுடப்பட்டுச் செத்தார். நம்மாள் 1749இல் பட்டம் எனக்கே என்று கிளம்பி 1795 வரைக்கும் நவாபாகவே இருந்தார். கடன் கொடுத்தவன் யாராவது கடன்காரனைச் சாக விடுவானா?

கதை ஆம்பூரில் தொடங்குகிறது. அப்பா அன்வருதீன் அங்கே நடந்த சண்டையில் விழுந்ததும், மகன் திருச்சிக் கோட்டைக்குள் ஓடி ஒளிந்தார். வெளியே பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் அவரை ஆதரித்த பிரெஞ்சுக்காரர்களும். 1751இல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார், அடுத்த வருடம் சந்தா சாகிபின் தலை போனது, முகமது அலி நவாப் ஆனார். சண்டை ஓய்ந்ததும் கம்பெனி செலவுக் கணக்கை நீட்டியது. கையில் காசில்லை. அப்போதுதான் நவாபுக்கு அந்த யோசனை உதித்தது. கம்பெனிக்குக் கட்டவேண்டிய பணத்தைக் கம்பெனியின் ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் வாங்கிக் கட்டினால் என்ன? அவர்களும் ஓடி வந்து கொடுத்தார்கள். ஆரம்பத்தில் நூற்றுக்கு இருபதும் அதற்கு மேலும் வட்டி. ஈடாக ஆளுக்கொரு சீமையின் வரிவசூல்.

கடன்பட்டவன் ஊரைவிட்டு ஓடுவான் என்பார்கள். இவர் ஆற்காட்டைவிட்டு வந்து, செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் பக்கத்திலேயே, சேப்பாக்கத்தில், 1768 வாக்கில் அரண்மனை கட்டிக் குடியேறினார். கட்டிக் கொடுத்தவர் பால் பென்ஃபீல்ட் என்பது பொதுவான பேச்சு. இந்த பென்ஃபீல்டைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.

வட்டி ஏற ஏற நவாபின் கண் தஞ்சாவூர் மேல் விழுந்தது. 1773இல் கம்பெனிப் படையைக் கூட்டிக்கொண்டு போய் மராட்டிய ராஜா துளஜாவை இறக்கிவிட்டு நாட்டை எடுத்துக்கொண்டார். வயலில் நின்ற நெல் அறுவடைக்கு முன்பே கடன் கொடுத்தவர்களுக்கு அடகு போனது. இது லண்டனில் இருந்த கம்பெனி டைரக்டர்களுக்கே பொறுக்கவில்லை. ராஜாவிடம் நாட்டைத் திருப்பிக் கொடு என்று சொல்லி பிகட் பிரபுவைக் கவர்னராக அனுப்பினார்கள். 1776இல் அவர் அப்படியே செய்தார்.

உடனே பென்ஃபீல்ட் எழுந்தார். நவாப் எனக்குச் சுமார் 2,30,000 பவுன் தரவேண்டும், தஞ்சாவூர் விளைச்சல்தான் அதற்கு ஈடு என்றார். மனிதருக்குச் சம்பளம் வருடத்துக்குச் சில நூறு பவுன். இவ்வளவு எங்கிருந்து வந்தது என்று பிகட் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. கவுன்சிலில் பாதிப் பேருக்கு மேல் நவாபிடம் பணம் போட்டவர்களும் அவர்களுடைய சகாக்களும்தான். அவர்கள் சார்பில் ஆகஸ்ட் 24 அன்று கர்னல் ஸ்டூவர்ட் பிகட்டின் விருந்தாளியாக மதியச் சாப்பாட்டை முடித்தார், அவருடைய வண்டியிலேயே ஏறிக்கொண்டார், வழியில் அவரையே கைது செய்ய வைத்தார். அடுத்த வருடம் பிகட் காவலில் இருக்கும்போதே இறந்தார். ஒரு ஆங்கிலேயக் கவர்னரை வீழ்த்த நவாபுக்கு ஒரு தோட்டாகூடச் செலவாகவில்லை. திப்பு கற்றுக்கொண்டிருக்கலாம்.

லண்டனிலும் ஆள் வைத்திருந்தார். ஜேம்ஸ் மக்பர்சன் என்று ஒருவர். ஓசியன் என்ற பழங்காலக் கவிஞனின் பாடல்கள் என்று சொல்லி, பெரும்பாலும் தானே எழுதி ஐரோப்பாவையே நம்பவைத்தவர். கடன் பத்திரத்துக்கு நியாயம் எழுத இதைவிடப் பொருத்தமான கை கிடைக்குமா? 1780இல் மக்பர்சனும் பென்ஃபீல்டும் நாடாளுமன்ற உறுப்பினர்களே ஆகிவிட்டார்கள். 1784இல் பிட் அரசாங்கம் இந்தக் கடன்களைப் பெரிதாக விசாரிக்காமலே, நவாபின் நாடான கர்நாடகத்தின் வருமானத்திலிருந்து வருடத்துக்கு 12 லட்சம் வராகன் ஒதுக்கித் தீர்க்கச் சொன்னது. மறுவருடம் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் எழுந்து இதை எதிர்த்து மணிக்கணக்கில் பேசினார். ஆங்கிலப் பேச்சுக் கலைக்கு உதாரணமாக இன்றும் அதைப் படிக்கிறார்கள். ஆனால் அவர் ஆதரித்த தீர்மானம் தோற்றது.

இவ்வளவு வட்டிக்கும் பணம் வேண்டுமே. 1792 ஒப்பந்தப்படி நவாபின் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் வேலையைக் கம்பெனியே எடுத்துக்கொண்டது. அந்த வசூல்தான் பாஞ்சாலங்குறிச்சி வாசல்வரை போனது. சினிமாவில் சிவாஜி ஜாக்சன் துரையைப் பார்த்து உறுமினார். நியாயமாகப் பார்த்தால் அந்த உறுமலில் பாதியாவது சேப்பாக்கத்துக்குச் சேரவேண்டியது.

வாலாஜா போனபின் மகன் உம்தத்துல் உமராவுக்கு அப்பாவின் சாமர்த்தியம் இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது திப்புவோடு ரகசியக் கடிதம் போட்டதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது என்று கம்பெனி சொன்னது. 1801இல் அவர் இறந்ததும், கையெழுத்துப் போட மறுத்த வாரிசைத் தள்ளிவிட்டு, போடச் சம்மதித்த அஜிமுத்தௌலாவை நவாபாக்கி, நாட்டை எழுதி வாங்கிக்கொண்டது. அவருக்கு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

பென்ஃபீல்ட் 1810இல் பாரிஸில் கையில் காசில்லாமல் செத்தார். அதற்கு முன்பே, 1805இல், கடன்களை விசாரிக்க ஒரு கமிஷன் உட்கார்ந்தது. நவாப் எனக்குத் தரவேண்டும் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்த பத்திரங்களின் கூட்டுத்தொகை மூன்று கோடி பவுனைத் தாண்டியது. அதில் பத்தில் ஒரு பங்குகூட உண்மையான கடன் என்று தேறவில்லை. தேறிய சுமார் 27 லட்சம் பவுனைக் கட்டியது நவாபும் இல்லை, கம்பெனியும் இல்லை. கர்நாடகத்துக் குடியானவன் கட்டினான். அவன் யாரிடமும் ஒரு காசு கடன் வாங்கியிருக்கவில்லை.